தோல்வியும் தோலும்

ஆடுவதற்கு முன்பே வென்றுவிட்டனர்! அப்படித்தான் எண்ணினர், எழுதினர், முழங்கினர்.

1950ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள். ரியோ டி ஜெனிரோ நகரின் மரக்கானா ஆடுகளம். உலகக் கால்பந்துக் கோப்பை யாருக்கு என்று முடிவாகும் ஆட்டம். ஒருபுறம் பிரேசில், மறுபுறம் உருகுவே. பிரேசிலுக்கு வெற்றிகூடத் தேவையில்லை, சமநிலையே போதும். சுவீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் சாய்த்துவிட்டு வந்த அணி அது. ஏடொன்று ஆட்டத்திற்கு முன்பே அணியின் படத்தை வெளியிட்டு, இவர்களே உலக வெற்றியாளர் என்று எழுதிவிட்டது. நகரத் தலைவர், பந்து உருளும் முன்பே வாழ்த்துரை வழங்கிவிட்டார். சீட்டு வாங்கி வந்தவர் மட்டும் 1,73,850 பேர். உண்மையில் திரண்டவர் ஏறத்தாழ 2 லட்சம் என்பர்.

47ஆம் நிமிடத்தில் பிரேசிலின் பிரியாசா ஒரு கோல் போட்டார். விண்ணதிர்ந்தது. 66ஆம் நிமிடத்தில் உருகுவேயின் ஸ்கியாபினோ அதைச் சமன் செய்தார். 79ஆம் நிமிடத்தில் கிஜியா வலப்பக்கமாக ஓடிவந்தார். முதல் கோலின்போது செய்தது போலவே நடுவில் நிற்பவருக்குப் பந்தைத் தருவார் என்று கணித்து, கோல் காப்பாளர் ஓரடி நகர்ந்தார். கிஜியா நேராகவே அடித்தார். கம்பத்திற்கும் காப்பாளருக்கும் இடையே இருந்த இடுக்கில் பந்து நுழைந்தது. திருவிழாக் கூட்டம் இழவு வீட்டுக் கூட்டம் ஆயிற்று.

தோற்றது பதினொரு பேர். பழி சுமந்தது மூன்று பேர். கோல் காப்பாளர் பார்போசா, தடுப்பாட்டக்காரர்கள் பிகோடே, ஜுவெனால். மூவரும் கறுப்பர்!

தோல்வி வந்தது, உடனே தோல் நினைவுக்கு வந்தது. என்னே விந்தை!

இந்த விந்தையை விளங்கிக்கொள்ள உதவும் நூல் ஒன்று உண்டு. பிரேசில் நாட்டு விளையாட்டு எழுத்தாளர் மரியோ ஃபில்யோ எழுதியது. பிரேசிலியக் கால்பந்தில் கறுப்பர் என்பது அதன் பொருளும் பெயரும். 1947இல் போர்ச்சுகீசிய மொழியில் முதற்பதிப்பு, 1964இல் விரிந்த பதிப்பு, 2021இல் ஆங்கில மொழிபெயர்ப்பு. மரக்கானா அரங்கமே இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நூலைப் படித்தேன். போற்றவும் தோன்றியது, பொருதவும் தோன்றியது. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போற்றத்தக்கது. ஆட்டத்தைப் பற்றி எழுதுவோர் பலர் கோல்களை எண்ணுவர். இவரோ குனிந்த தலைகளை எண்ணினார். வாயிலில் யார் நிறுத்தப்பட்டார், எவர் எந்த வழியாக உள்ளே வந்தார், வந்தவர் என்ன விலை கொடுத்தார் என்பதைக் கதை சொல்லும் நடையிலே கூறுகிறார். புளுமினென்சே என்னும் செல்வர் கழகத்தில் 1914இல் ஆடிய கலப்பின இளைஞர் ஒருவர், முகத்தில் அரிசி மாவுப் பொடி பூசிக்கொண்டு களமிறங்கினார் என்றும், வியர்வையில் பொடி கரைந்து நிறம் தெரிந்ததும் எதிர்த்தரப்புக் கூட்டம் கைகொட்டி நகைத்தது என்றும் எழுதுகிறார். பந்தை உதைக்கும் காலுக்குச் சோதனையில்லை, முகத்திற்குச் சோதனை!

அடுத்து வாஸ்கோ ட காமா கழகத்தின் கதை. 1923இல் அக்கழகம் ரியோ நகரப் போட்டியிலே முதலிடம் பெற்றது. கறுப்பரும் கலப்பினத்தவரும் ஏழை வெள்ளையருமான உழைப்பாளர் அதன் அணியிலே ஆடினர். பெருங்கழகங்கள் பொறுத்தனவா? 1924இல் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டன. அதிலே சேர வேண்டுமானால் 12 ஆட்டக்காரர்களை நீக்கிவிட்டு வா என்று வாஸ்கோவுக்கு நிபந்தனை விதித்தன. நிறத்தின் பெயரால் நீக்கு என்று சொல்லவில்லை. அவ்வளவு நேர்மை அவர்களிடம் இல்லை. தொழில் என்ன, எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டனர். பந்தாடப் போனவன் கையெழுத்துப் போடப் பழக வேண்டியதாயிற்று. கல்வி மறுக்கப்பட்டவனிடம் கல்வி எங்கே என்று கேட்டுக் கதவடைக்கும் கலை, நமக்குப் புதியதா? எழுத்தை வாயிலாக வைக்க வேண்டியவர்கள் தாழ்ப்பாளாக வைத்தனர். வாஸ்கோவின் தலைவர் 1924 ஏப்ரல் 7 அன்று கடிதம் எழுதினார்: அந்தப் பன்னிருவரை விட்டுவிட மாட்டோம், உங்கள் சங்கத்தில் சேர மாட்டோம். மானமுள்ள மடல் அது.

இனிப் பொருத வேண்டிய இடம். 1947இல் நூலாசிரியர் கண்ட முடிவு என்ன? கால்பந்து கறுப்பனுக்குக் கதவைத் திறந்துவிட்டது, திறமை வென்றது, நிறபேதம் தேய்ந்தது என்பது. படிக்க இனிக்கிறது. ஆனால் அவர் அடுக்கும் கதைகளோ வேறு சொல்கின்றன. உள்ளே வந்த கறுப்பன் ஒவ்வொருவனும் மற்றவரைவிட இருமடங்கு ஆட வேண்டியிருந்தது. வென்றபோது தோளில் தூக்கியவர்கள், ஆட்டம் முடிந்தபின் தம் மன்றத்து விருந்திலே அவனுக்கு இடம் வைக்கவில்லை. சான்று ஒருபுறம் இழுக்க, முடிவு மறுபுறம் ஓடுகிறது. பிற்கால ஆய்வாளர் சிலர், அவருடைய செவிவழிக் கதைகளையெல்லாம் வரலாறாகக் கொள்ளலாமா என்று ஐயுற்றனர். எனக்கு அந்த ஐயத்தைவிடப் பெரிய ஐயம் ஒன்றுண்டு. கதைகள் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அவற்றிலிருந்து அந்த இனிய முடிவு எப்படிப் பிறக்கும்?

மூன்றே ஆண்டுகளில் மரக்கானா பதில் சொல்லிற்று. 1964ஆம் ஆண்டுப் பதிப்பில், அந்தத் தோல்விக்குப் பின் நிறவெறி மீண்டும் தலைதூக்கியதை ஆசிரியரே ஒப்புக்கொண்டு எழுதினார். தாம் எழுதியதைத் தாமே திருத்தும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, வணங்குகிறேன். ஆனால் அதே பதிப்பில் 1958ஆம் ஆண்டு வெற்றியும், 17 வயதில் இறுதியாட்டத்தில் இரண்டு கோல் போட்ட பெலேயும் வருகின்றனர். மீண்டும் நம்பிக்கை பூக்கிறது. இங்கேதான் நான் மாறுபடுகிறேன். பெலே வென்றதால் கறுப்பர் உயர்ந்தனர் என்றால், பார்போசா தோற்றதால் கறுப்பர் தாழ்ந்தனர் என்பதையும் ஏற்க வேண்டிவரும். வெற்றியைக் காட்டிப் பெறும் சமத்துவம், அடகுக் கடையில் வாங்கிய நகை. தவணை தவறினால் பறிபோகும். மனிதன் என்பதால் வருவதே உரிமை. கோல் போட்டதால் வருவது வெறும் கைதட்டல்!

பழி சொன்னவர்களின் வாதத்தைத்தான் சற்றே உரசிப் பார்ப்போமே. கறுப்பனுக்கு நெருக்கடியில் நெஞ்சுரம் இல்லை என்றனர். அப்படியானால் வென்ற உருகுவே அணியின் தலைவர் யார்? ஒப்துலியோ வரேலா, கறுப்பு மரபில் வந்தவர்! கறுத்த தலைவன் என்றே அவரை அழைத்தனர். அவரோடு நின்று தடுத்தாடிய ரோட்ரிகஸ் அந்திராதே யார்? அவரும் கறுப்பரே! கறுப்பால் பிரேசில் தோற்றது என்றால், அதே கறுப்பால் உருகுவே வென்றது எப்படி? இரண்டு ஆட்டங்களில் 13 கோல் குவித்த முன்னணி வரிசை அன்று ஒன்றோடு நின்றதே, அது எந்த நிறத்தின் குற்றம்? ஆட்டத்திற்கு முன்பே வெற்றி விழா நடத்திய தலைவர்களும் ஏடுகளும் ஆட்டக்காரர் தலையில் ஏற்றிய சுமைக்கு யார் பொறுப்பு? கேள்விகள் எழவில்லை. எழுந்திருந்தால் மேடையிலிருந்தோர் இறங்க வேண்டியிருக்கும். கோல் கம்பத்தருகே நின்ற ஒருவனைக் காட்டுவது எளிது.

அறிவு உறங்கினால் அங்கே மூடநம்பிக்கை பாய் விரிக்கும். அன்று பிரேசில் அணிந்தது வெள்ளைச் சட்டை. அது ஆகாது என்று ஒதுக்கினர். 1953இல் போட்டி நடத்தி மஞ்சள் சட்டையைத் தேர்ந்தனர். இன்று உலகமே அறிந்த அந்த மஞ்சள், ஒரு தோல்வியின் பரிகாரம்! சட்டையைக் கழற்றிவிடலாம். தோலை எங்கே கழற்றுவது? 1993இல் பிரேசில் அணி பயிற்சி பெற்ற இடத்திற்கு முதிய பார்போசா சென்றபோது, அவரை உள்ளே விடவில்லை. அவர் வந்தால் ராசி கெடும் என்ற அச்சமே காரணம் என்பர். 43 ஆண்டுகள் கழித்தும்! கடையொன்றில் ஒரு தாய் தன் சிறுவனிடம், பிரேசில் முழுவதையும் அழவைத்த ஆள் இவன்தான் என்று தம்மைச் சுட்டிக்காட்டியதை அவர் ஆறாத புண்ணாகச் சொல்லி வந்தார். தம் நாட்டுச் சட்டத்தில் மிகப்பெரிய தண்டனையே 30 ஆண்டுதான், தமக்கோ 50 ஆண்டாகிறது என்ற கருத்தில் இறுதிக் காலத்தில் அவர் கூறியதும் பலரறிந்தது. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று மறைந்தார். ஏப்ரல் 7! அவர் பெருமையோடு ஆடிய வாஸ்கோ கழகம் அந்த மான மடலை எழுதிய அதே நாள். கழகம் பன்னிருவரைக் கைவிடவில்லை. நாடோ ஒருவரைக் கைவிட்டது.

இது ஒரு நாளில் முளைத்த நோயன்று. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888இல்தான் பிரேசில் அடிமை முறையை ஒழித்தது. மரக்கானாத் தோல்விக்கும் அதற்கும் இடையே 62 ஆண்டுகளே. அதே 1950 ஜூலையில்தான், அமெரிக்கக் கறுப்பின நடனக் கலைஞர் கேதரின் டன்ஹமுக்கு சாவோ பாலோ நகரின் விடுதியொன்று இடம் மறுத்தது. அந்த அவமானம் கிளப்பிய எதிர்ப்பே 1951இல் நிறபேதத்திற்கு எதிரான முதற் சட்டத்திற்கு வழி வகுத்தது. விடுதி வாயிலில் தள்ளிய கையும், கோல் வாயிலைச் சுட்டிய விரலும் ஓருடலைச் சேர்ந்தவையே.

பழைய கதைதானே, அயல்நாட்டுக் கதைதானே என்று ஏட்டை மூடிவிடாதீர் தோழர்களே! 2021 ஜூலை 11 அன்று ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில், தண்ட உதையில் இங்கிலாந்து இத்தாலியிடம் தோற்றது. தவறவிட்ட மூவர் ராஷ்போர்டு, சாஞ்சோ, சாகா. மூவரும் கறுப்பர், சாகாவுக்கு வயது 19. அன்றிரவே நிறவெறி வசை மாரியெனப் பொழிந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்சுக்கு எதிராக அதே அணியின் தலைவர் ஹாரி கேன் தண்ட உதையைத் தவறவிட்டார்; அணி வெளியேறியது. சினந்தனர், சலித்தனர். ஆனால் வெள்ளையரே இப்படித்தான் என்று எவரும் சொன்னாரா? வெள்ளையன் தவறினால் தவறியது அவன் கால். கறுப்பன் தவறினால் தவறியது அவன் குலம்!

நம் நாட்டில் நிறத்தின் வேலையைச் சாதி பார்க்கிறது. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்றதும், அரித்துவார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டின் முன் வெடி வெடித்து, தாழ்த்தப்பட்டோர் அணியில் மிகுந்ததால்தான் தோல்வி என்று ஏசினர் என அவர் குடும்பத்தார் முறையிட்டனர், வழக்குப் பதிவாயிற்று, கைதும் நடந்தது. சில நாட்களுக்கு முன்புதான், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு, ஒலிம்பிக்கில் அவ்வாறு செய்த முதல் இந்தியப் பெண் என்ற பெயர் பெற்றிருந்தார் அவர். மூன்று கோலும் நாட்டுடையது. தோல்வி மட்டும் சேரியுடையதா?

அப்படியானால், தோற்கும் அணிமீது சினம் கொள்ளவே கூடாதா? கொள்ளலாம். வாரமெல்லாம் உழைத்தவன், கூலியில் ஒரு பங்கைச் சீட்டுக்குக் கொடுத்து வருகிறான். தன் வாழ்வில் கிட்டாத வெற்றியைத் தன் அணி பெற்றுத் தரும் என்று நம்புகிறான். அது பொய்த்தால் வலிக்கத்தான் செய்யும். காப்பாளன் ஏன் நகர்ந்தான், பயிற்சியாளர் ஏன் அரணை வலுப்படுத்தவில்லை, நிர்வாகம் ஏன் செருக்கில் மிதந்தது என்று கேட்கட்டும், கடுமையாகவே கேட்கட்டும். ஆட்டத்தைப் பற்றிப் பேசும் சொல் திறனாய்வு. பிறப்பைப் பற்றிப் பேசும் சொல் வெறி. இரண்டிற்கும் இடையே உள்ள கோடு ஆடுகளத்துச் சுண்ணாம்புக் கோட்டைவிடத் தெளிவானது.

தெளிவானது என்று எழுதுகிறேன். நானே ஒருமுறை அதைத் தாண்டவிட்டவன். நான் பாடம் சொல்லும் பிள்ளைகள் ஓர் ஆட்டத்தில் தோற்றுத் திரும்பினர். கோல் காத்த சிறுவனின் கறுப்பைச் சொல்லி ஒருவன் கேலி பேசினான். வகுப்பே சிரித்தது. சிறுவனும் சிரித்தான். வேறென்ன செய்வான், பாவம்! நான் அதட்டவில்லை, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்போசாவின் கதையைப் படித்த இரவில், அந்தச் சிரிப்பு காதில் ஒலித்தது. கடையிலே விரல் நீட்டிய அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? அவள் பேசிக் கெடுத்தாள். நான் பேசாமல் கெடுத்தேன்.

மறுநாள் வகுப்பில் மரக்கானாவின் கதையைச் சொன்னேன். முடித்ததும், கேலி பேசிய சிறுவனே எழுந்து கேட்டான்: "சார், அந்தப் பத்துப் பேரும் அவருக்காக ஏன் சார் பேசவில்லை?"

விடை சொல்ல எனக்கு நெடுநேரம் ஆயிற்று. தோழர்களே, அந்தக் கேள்வியை உங்களிடமும் வைக்கிறேன். அடுத்த முறை உங்கள் அணி தோற்கும். தோற்காத அணி உலகில் இல்லை. உங்கள் அருகிலே அமர்ந்திருப்பவன் ஆட்டத்தை விட்டுப் பிறப்பைப் பேசத் தொடங்குவான். அப்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளாதீர்!