வழுவழுப்பான முட்டும் வெந்த குருத்தெலும்பும்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை, களியக்காவிளை வழியாக மார்த்தாண்டம் வரை மருத்துவமனைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தால், லேசர் என்ற சொல் தரச் சான்றிதழ்போல நிற்பது தெரியும். மூலத்துக்கு லேசர், சிறுநீரகக் கல்லுக்கு லேசர், கண்ணுக்கு லேசர். குன்னத்துகால் பக்கத்துச் சரிவுகளில் குனிந்தும் குந்தியும் ரப்பர் பால் வெட்டியவர்களுக்கு வயது ஏறும்போது வரும் தொல்லை முட்டுத் தேய்மானம். எவரெஸ்ட் ஏறப் போன நெய்யூர் மருத்துவர் சாமர்வெல்லின் பெயரில் காரக்கோணத்திலேயே மருத்துவக் கல்லூரி இருப்பதால், எலும்பு மருத்துவரைத் தேடி நெடுந்தூரம் போகவும் வேண்டாம். ஆகவே ‘முட்டுக்கும் லேசர் வைக்கலாமா?’ என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

வைத்துப் பார்த்தாயிற்று என்பதுதான் பதில். உலகின் பல மருத்துவமனைகளில் 1990-களில் அது புதுமையாகக் கொண்டாடப்பட்டு, பிறகு சத்தமில்லாமல் ஓரங்கட்டப்பட்டது.

ஆசைக்குக் காரணம் இருந்தது. ஆர்த்ரோஸ்கோபியில் சிறு துளை வழியாக மூட்டுக்குள் கருவியை நுழைத்து, இடுக்கில் இருக்கும் கிழிந்த ஜவ்வை எட்டிப் பிடித்து வெட்டுவது சிரமம். பக்கத்திலுள்ள நல்ல பரப்பில் கீறல் விழும். முதலில் கைகொடுக்க வந்தது கார்பன் டை ஆக்சைடு லேசர். மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964-ல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியது அது. ஆனால் அதன் கதிரைத் தண்ணீர் உடனே விழுங்கிவிடும். எனவே மூட்டை உப்புநீருக்குப் பதில் வாயுவால் நிரப்ப வேண்டியிருந்தது. வாயு தோலுக்கடியில் கசிந்தது, புகையும் கரியும் மூட்டுக்குள் மிஞ்சின. அடுத்து வந்த ஹோல்மியம் லேசர் மெல்லிய கண்ணாடி இழை வழியே போகும், உப்புநீருக்குள்ளேயே வேலை செய்யும். கருவி என்ற வகையில் அது உண்மையான முன்னேற்றம். ஜவ்வின் பின்பக்கக் கிழிசலைச் செதுக்க அது உதவியதை மறுக்க வேண்டியதில்லை.

கோளாறு, அதே இழையை எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பின்மேல் திருப்பியபோது வந்தது. நீர் நிறைந்த திசுவை நொடியில் ஆவியாக்குவதும், ஆவியாக்கும்போதே ரத்தக் குழாய்களைச் சுட்டு அடைப்பதும் அறுவை லேசரின் இரு பலங்கள். குருத்தெலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். ரத்தக் குழாயோ ஒன்றுகூட இல்லை. அதாவது முதல் பலம் அளவுக்கு மீறிப் பலிக்கிறது, இரண்டாவதற்கு அங்கே வேலையே இல்லை. ரத்த ஓட்டம் இல்லாத அந்தத் திசு, கெட்டுப் போனால் மீளாது என்பதை உடற்கூறியல் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1743-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் சொல்லிவிட்டார்.

திரையில் பார்க்கும் மருத்துவருக்கு இந்தச் சேதம் தெரியாது. நார் நாராகப் பிய்ந்து மிதந்த பரப்பு, லேசர் பட்டதும் உருகிச் சுருங்கி வழுவழுப்பாகிவிடும். காணொளியில் காட்டினால் நோயாளிக்கும் திருப்தி. ஆனால் குருத்தெலும்பு உயிரணுக்கள் 50 முதல் 55 டிகிரி செல்சியஸிலேயே சாகத் தொடங்குகின்றன. கொலாஜன் இழைகள் சுருங்கி வழுவழுப்பாவதற்கோ அதைவிட அதிகச் சூடு வேண்டும். ஆகவே அழகு தெரிகிற இடத்திலெல்லாம் அடியில் சாவு நடந்து முடிந்திருக்கிறது. ஹோல்மியம் கதிர் தண்ணீரில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும் என்பார்கள். முட்டுக் குருத்தெலும்பின் மொத்தத் தடிமனே பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். தேய்ந்த முட்டில் அதுவும் இல்லை.

1995-ல் அமெரிக்காவிலிருந்து இன்னொரு எச்சரிக்கை வந்தது. லேசர் ஆர்த்ரோஸ்கோபிக்குப் பிறகு சிலருக்குக் குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பே செத்துப்போனதை கரினோ குழுவினர் பதிவு செய்தார்கள். வெப்பமா, ஒவ்வொரு துடிப்பும் எழுப்பும் அதிர்வலையா என்ற விவாதம் ஓயவில்லை. லேசர் தொடாத ஆர்த்ரோஸ்கோபிக்குப் பிறகும் இதே கேடு சிலருக்கு வந்திருப்பதால், முழுப் பழியையும் லேசர்மேல் போடுவது நியாயமல்ல. சந்தேகத்தின் பலனை லேசருக்குத் தரலாம். குருத்தெலும்பு உயிரணுக்கள் விஷயத்தில் அந்தச் சலுகைக்கு இடமில்லை.

லேசர் போன இடத்தில் ரேடியோ அலைக் கருவி வந்து உட்கார்ந்தது. விலை குறைவு, கையாள எளிது. ஆனால் அதுவும் சூடுதானே! உயிருள்ள அணு பச்சையாகவும் இறந்தது சிவப்பாகவும் ஒளிரும் சாயமிட்டு விஸ்கான்சின் ஆய்வாளர்கள் பார்த்தபோது, மென்மையாக்கப்பட்ட பரப்புக்குக் கீழே ஆழமாகச் சிவப்பு தெரிந்தது. 2002-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு அடித்தளத்தையே அசைத்தது: முட்டுத் தேய்மானமுள்ள 180 பேரில் சிலருக்கு மூட்டைச் செதுக்கி, சிலருக்குக் கழுவி மட்டும் விட்டு, சிலருக்குத் தோலை மட்டும் கீறி மூடினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்தும் வலியில் வேறுபாடு இல்லை. கத்தியால் செதுக்கியே பயன் இல்லாதபோது, சுட்டுச் செதுக்குவதற்கு என்ன வாதம் மிச்சமிருக்கிறது?

இயன்முறை மருத்துவக் கூடங்களில் தோலுக்கு வெளியிலிருந்து காட்டப்படும் குறைந்த சக்தி லேசர் வேறு சங்கதி. அது திசுவைச் சுடுவதில்லை. வலி குறைவதாகச் சில ஆய்வுகளும், பெரிய பயனில்லை என்று வேறு சிலவும் உண்டு. தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளர்வதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொடைத் தசைக்கான பயிற்சியும் எடைக் குறைப்பும் அதைவிட உறுதியான ஆதாரம் உள்ளவை. பலகையில் எழுதிப்போடக் கவர்ச்சி இல்லாததுதான் அவற்றின் குறை.

லேசரும் குருத்தெலும்பும் ஒத்துப்போகும் ஓர் இடம் உண்டு, அது மூக்கு. ரஷ்ய இயற்பியலாளர் எமில் சோபோல், கோணலான மூக்குத் தண்டை 70 டிகிரியை ஒட்டிய சூட்டில் இளக்கி நேராக்கலாம் என்று காட்டினார். அங்கேயும் சில அணுக்கள் சாகத்தான் செய்யும். ஆனால் மூக்குத் தண்டு ரப்பர் தோட்டத்துச் சரிவில் பால் வாளியோடு இறங்குகிறவரின் எடையைத் தாங்க வேண்டியதில்லை. அதன்மேல் இன்னோர் எலும்பு நாள் முழுக்க உராய்வதுமில்லை.