இறந்த குழந்தையும் கணக்கில் வர வேண்டும்

தாய்ப்பால் வழியாக எச்.ஐ.வி. தொற்றும் என்பது உறுதியானதும், பாலை நிறுத்திவிடுவதே வழி என்று மருத்துவ உலகின் பெரும்பகுதி நம்பியது. ஆதாரமில்லாத நம்பிக்கை அல்ல அது. நைரோபியில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், இரண்டு வயதுக்குள் தொற்றுக்கு ஆளானவர்கள் தாய்ப்பால் பிரிவில் 36.7 சதவீதம், மாவுப்பால் பிரிவில் 20.5 சதவீதம். ஆனால் இறப்பு விகிதத்தில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கிருமியை எண்ணிய அளவுக்கு இறப்பை எண்ணாததுதான் இந்த நடைமுறையின் அடிப்படைக் குறை.

அதன் விலையைக் கொடுத்த நாடு போட்ஸ்வானா. எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்கு அரசு இலவசமாகப் பால்மாவு வழங்கியது. அங்கு நடந்த 'மாஷி' ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஏழாம் மாதத்தில் தொற்று மாவுப்பால் குழந்தைகளில் 5.6 சதவீதம், தாய்ப்பாலோடு தடுப்பு மருந்தும் பெற்றவர்களில் 9 சதவீதம்; இறப்போ 9.3, 4.9 என்று தலைகீழானது. அதே ஆண்டின் தொடக்கத்தில் கனமழையைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கு பரவியபோது, ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள். சுத்தமான தண்ணீர் இருந்தால் மாவுப்பால் பாதுகாப்பானதுதானே என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவில் ஓரளவு வசதியான, குழாய்த் தண்ணீர் பரவலாகக் கிடைத்த நாட்டில்தான் இது நடந்தது. மாவுப்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் இல்லை. ஒரு மழைக்காலம் தண்ணீரைக் கெடுத்தால் குழந்தைக்கு வேறு காப்பு கிடையாது. பால்மாவு டின் வீட்டிலிருந்தால் நோய் அம்பலமாகும் என்று அஞ்சி, ஊரார் முன்னால் முலைகொடுத்த தாய்மாரும் உண்டு. தாய்ப்பாலோடு வேறு உணவைக் கலப்பது அபாயத்தைக் கூட்டும். தென்னாப்பிரிக்காவில் 2007-இல் வெளியான ஆய்வில், தாய்ப்பாலோடு கூழ் போன்ற திட உணவும் பெற்ற குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடத் தொற்று அபாயம் ஏறத்தாழ 11 மடங்கு.

எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்துகள் இந்தக் கணக்கையே மாற்றின. தாயோ குழந்தையோ தொடர்ந்து மருந்து உட்கொண்ட 'பிராமிஸ்' ஆய்வில், பாலூட்டலின்போது ஓராண்டில் தொற்றியது 0.6 சதவீதம். அந்த 0.6 சதவீதத்தில் வருவதும் ஒரு குழந்தைதானே என்ற கேள்வியை நான் ஒதுக்கமாட்டேன்; நல்ல தண்ணீரும் பணமும் மருத்துவமும் நிச்சயமாக உள்ள வீட்டில் மாவுப்பாலைத் தேர்ந்தெடுப்பது நியாயமானதே. ஆனால் ஏழை நாடுகளுக்கு, மருந்தோடு தாய்ப்பால் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய நிலைப்பாடே சரி. அதன் பலவீனம் மாத்திரையில் இருக்கிறது. பிரசவம் முடிந்த களைப்பில் தாய் மாத்திரையை விட்டாலோ, மருத்துவமனையில் இருப்பு தீர்ந்தாலோ வைரஸ் மீண்டும் பெருகும். பால் கொடுக்கச் சொல்லும் அரசு, பால் மறக்கடிக்கும் வரை மாத்திரையையும் வைரஸ் அளவுப் பரிசோதனையையும் அவள் ஊரிலேயே கிடைக்கச் செய்ய வேண்டும்.