பல் எக்ஸ்ரே காட்டும் வயது

பிறப்புச் சான்றிதழ் இல்லாதவரின் வயதைக் கணிக்க, தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே பயன்படுகிறது. பல்லின் மேற்பகுதி முதலில் உருவாகும். பிறகு வேர் நீளும். கடைசியில் வேர்நுனி மூடும். ஊட்டக்குறைவும் நோயும் எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் அளவுக்கு இந்த வரிசையைப் பாதிப்பதில்லை. இம்முறையின் பெரும் பலம் இதுதான்.

1973இல் டெமிர்ஜியன் குழுவினர் கீழ்த்தாடையின் இடப்பக்க ஏழு பற்களின் வளர்ச்சியை எட்டுப் படிநிலைகளாகப் பிரித்து மதிப்பெண் அளித்தனர். வளரும் பற்கள் பல இருப்பதால், சிறு வயதில் கணிப்பு ஓரளவு நெருங்கி வரும். ஆனால் அந்த அளவுகோல் பிரெஞ்சுக் கனடியச் சிறாரைக் கொண்டு உருவானது. 1998இல் தென்னிந்தியச் சிறாரிடம் சோதித்தபோது, அது வயதை ஏறத்தாழ 3 ஆண்டு கூட்டிக் காட்டியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பதினைந்தாக்கும் பிழை இது. இந்தியருக்கெனத் திருத்திய சூத்திரங்கள் பின்னர் வந்தன. கனடிய அட்டவணையை அப்படியே இங்கே பயன்படுத்துவதற்கு இனி நியாயமில்லை.

சட்டத்துக்கு முக்கியமான வயது 18. அங்கேதான் முறை தடுமாறுகிறது. பதினாறு வயதுவாக்கில் மற்றப் பற்களின் வேர்கள் மூடிவிட, கணிப்பதற்கு ஞானப்பல் மட்டுமே மிஞ்சும். அதன் வேர்நுனி சிலருக்கு 17 வயதுக்குள் மூடிவிடும். சிலருக்கு 20 கடந்தும் திறந்திருக்கும். சிலருக்கு ஞானப்பல்லே உருவாவதில்லை. வேர்நுனி இடைவெளிகளின் கூட்டலைப் பல்லின் நீளத்தால் வகுத்து, விடை 0.08க்குக் குறைந்தால் 18 நிரம்பியதாகக் கொள்ளும் கேமரியெரே முறை தீர்ப்பை எளிதாக்குகிறது. எனினும் அந்த 0.08 கோட்டின் இருபுறமும் தவறாக விழுவோர் இருக்கவே செய்வர்.

இந்தியாவின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு பள்ளிச் சான்றையும் உள்ளாட்சிப் பிறப்புச் சான்றையும் முதலில் கேட்கிறது. அவை இல்லாதபோதே மருத்துவச் சோதனை. இந்த வரிசை சரியானது. எக்ஸ்ரே மூலம் கணித்த வயதில் இருபுறமும் 2 ஆண்டு பிழை இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே ஜெயமாலா வழக்கில் குறிப்பிட்டது. எனவே பல் மருத்துவர் அறிக்கையில் குறைந்தபட்ச, அதிகபட்ச வயதும், எந்த மக்களின் அளவுகோல் என்பதும் எழுதப்பட வேண்டும். அந்த வரம்புக்குள் 18 விழுந்தால் ஐயத்தின் பலன் பிள்ளைக்கே போக வேண்டும். வரம்பு சொல்லாமல் ஒற்றை எண் மட்டும் தரும் அறிக்கையை நீதிமன்றங்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.