ஊழியரைக் கேட்டுச் செய்யும் சீர்திருத்தம்

அமெரிக்காவில் புதிய அதிபர் பதவியேற்றால் மத்திய அரசு நிர்வாகத்தைச் சீர்திருத்தும் திட்டம் ஒன்றும் கூடவே வரும். ட்ரூமன் காலத்தில் ஹூவர் ஆணையம். ரீகன் காலத்தில் தொழிலதிபர் பீட்டர் கிரேஸ் தலைமையில் ஓர் ஆணையம். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில் துறைகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறம் கொடுத்த மதிப்பீட்டு அட்டை. கோளாறு உள்ளே இருக்கிறது, தீர்வு வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்ற எண்ணம் இத்தகைய முயற்சிகளில் அடிக்கடி தலைகாட்டும். கிரேஸ் ஆணையத்தில் தனியார் நிறுவன நிர்வாகிகள் கூடி 2,478 பரிந்துரைகளை எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த எண்ணத்தைத் திருப்பிப் போட்டவர்கள் கிளின்டனும் அல் கோரும். 1993 மார்ச்சில் கிளின்டன் அறிவித்த ‘தேசியச் செயல்திறன் ஆய்வு’ துணை அதிபர் கோரின் பொறுப்பில் விடப்பட்டது. ஆய்வுக் குழுவில் இருந்த சுமார் 250 பேரில் பெரும்பாலோர் அனுபவமுள்ள நிரந்தர அரசு ஊழியர்கள். கோர் துறை துறையாகப் போய் ஊழியர்களைக் கூட்டிவைத்து, உங்கள் வேலைக்கு எது தடை என்று கேட்டார். ஆறு மாதத்தில் 384 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. ஊழியரின் கருத்தைக் கேட்டுச் சீர்திருத்தும் முறையை எடைபோட இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அதன் பலமும் பலவீனமும் அந்த ஒரே அறிக்கைக்குள் இருக்கின்றன.

பலத்தை முதலில் பார்ப்போம். அந்நாளில் ஓர் அலுவலகத்துக்குச் சின்னக் கருவி ஒன்று தேவைப்பட்டாலும் கொள்முதல் பிரிவுக்கு எழுதிப்போட்டு, ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். பொருளின் விலையைவிட அதை வாங்கும் நடைமுறைக்கு அதிகம் செலவானது. வெளியிலிருந்து வரும் நிபுணரின் கண்ணுக்கு இது பெரிய விஷயமாகப் படாது. தினம் அதில் மாட்டிக்கொண்டு தவிப்பவருக்கு இதுதான் முதல் குறை. அறிக்கையைத் தொடர்ந்து 1994இல் வந்த சட்டம் 2,500 டாலர் வரையிலான வாங்குதலை எளிதாக்கியது. ஊழியர்களே அரசுக் கடன் அட்டையைக் கொண்டு வாங்கும் வழி பரவலானது. சுமார் 10,000 பக்கம் கொண்ட பணியாளர் விதித்தொகுப்பும் அந்த ஆண்டில்தான் கைவிடப்பட்டது.

ஒபாமா 2009இல் நடத்திய யோசனைப் போட்டியிலும் இதே உண்மை வெளிப்பட்டது. முதல் ஆண்டிலேயே 38,000க்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன. வென்றது, முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஊழியர் ஒருவரின் யோசனை. நோயாளி வீடு திரும்பும்போது அவருக்காகப் பிரித்துப் பாதி பயன்படுத்திய சொட்டு மருந்தையும் இன்ஹேலரையும் குப்பையில் போட்டுவிட்டு, அதே மருந்தைப் புதிதாகக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார்கள். மீதியை நோயாளியிடமே கொடுத்துவிடலாமே என்றார் அந்த ஊழியர். எந்தத் தணிக்கை அறிக்கையிலும் இது இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

ஆனால் கோரின் அறிக்கைக்கு இன்னொரு பாதி உண்டு. ஊழியர்களின் கையைக் கட்டியிருக்கும் விதிகளைத் தளர்த்துவோம் என்ற அதே அறிக்கை, 2,52,000 பணியிடங்களைக் குறைப்போம் என்றும் சொன்னது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் அதை 2,72,900 ஆக உயர்த்தியது. தானாக விலகுபவருக்கு 25,000 டாலர் வரை கொடுக்கவும் வழி செய்தது. யோசனை கேட்டவரே ஆளையும் எண்ணுகிறார் என்றால் அடுத்த முறை யார் மனம் திறந்து பேசுவார்கள்?

குறைப்பு எங்கே விழுந்தது என்பது இன்னும் முக்கியம். மேற்பார்வையாளர்கள், கொள்முதல் அலுவலர்கள், பணியாளர் பிரிவினர், நிதிக் கட்டுப்பாட்டுப் பிரிவினர் ஆகியோரையே அறிக்கை குறிவைத்தது. ஏழு பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பதைப் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று மாற்றுவது இலக்கு. கடைநிலையில் இருப்பவரிடம் தடை எது என்று கேட்டால் அவர் மேலே இருப்பவரைத்தான் காட்டுவார். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. அந்த இடைநிலை அதிகாரி எதைத் தடுத்துக்கொண்டிருந்தார் என்பது அவர் போன பிறகுதான் தெரியவரும். 2001க்குப் பின் ஒப்பந்தச் செலவுகள் பெருகியபோது, அவற்றைக் கண்காணிக்கப் போதிய ஆள் இல்லை. இராணுவ ஒப்பந்தங்களை ஆராய்ந்த கான்ஸ்லர் ஆணையம் 2007இல் இதை வெளிப்படையாகவே எழுதியது. கடன் அட்டைகளை முறைகேடாகப் பயன்படுத்தியதும் 2000களின் தொடக்கத்தில் கடற்படை அலுவலகங்களில் அம்பலமானது. மனிதவள நிர்வாகத்தையே பெரும் ஆபத்துக்குரிய துறையாக 2001இல் அரசின் தணிக்கை அமைப்பு அறிவித்தது.

ஊழியரின் பார்வைக்கு இயல்பான எல்லையும் உண்டு. தன் மேசையில் என்ன தவறு என்பது அவருக்குத் தெரியும். அந்த மேசையே தேவையா என்று கேட்க அவரால் எளிதில் முடியாது. தெரிந்திருப்பது மட்டும் போதாது என்பதற்குப் பென்சில்வேனியாவின் போயர்ஸ் ஊர் சாட்சி. அங்கே நிலத்துக்கடியில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வூதியக் கோப்புகளைக் காகிதமாக அடுக்கி வைத்து, கையாலேயே பரிசீலித்துவந்தார்கள். இதைக் கணினிமயமாக்கும் முயற்சி 1987இலேயே தொடங்கி மீண்டும் மீண்டும் தோற்றது. உள்ளே வேலை செய்த எல்லோருக்கும் குறை தெரிந்திருந்தது. இணையவழி விண்ணப்பத்தை 2025க்கு முந்தைய ஆட்சியிலேயே முன்னோட்டமாகத் தொடங்கியிருந்தார்கள். 2025இல் மேலிருந்து வந்த அழுத்தம்தான் அதை எல்லோருக்குமானதாக ஆக்கியது. டிரம்ப் நிர்வாகத்துக்கு இதில் உரிய பாராட்டைக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஊழியர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வார்கள், அவர்களிடம் கேட்பதே வீண் என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கான பதில் அரசின் சொந்த ஆவணத்திலேயே இருக்கிறது. 2002இல் தொடங்கிய ஊழியர் கருத்தாய்வில், சரியாக வேலை செய்யாதவர் மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறதா என்ற கேள்வி இடம்பெற்றது. 2014இல் ஆம் என்றவர்கள் 28% மட்டுமே. வேலை செய்யாதவரால் முதலில் பாதிக்கப்படுவது பக்கத்து நாற்காலியில் இருப்பவர்தான். மீண்டும் மீண்டும் அவர்கள் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அடுத்தடுத்து வந்த அதிபர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்தக் கருத்தாய்வின் முடிவுகள் பயன்படுத்தப்படும் என்று நம்பியவர்களும் 2010களில் பாதிக்குக் குறைவுதான். எனக்கு இந்த முறையில் தெரியும் பெரிய குற்றம் இதுதான். கேட்டதற்கு என்ன செய்தோம் என்று திரும்ப வந்து சொல்லும் கடமை யாருக்கும் இல்லாமல் போனது.

2025 இந்தப் பழைய குறைகளை எல்லாம் தாண்டிப் போனது. ஜனவரி 28 அன்று, பதவி விலகச் சம்மதித்தால் செப்டம்பர் வரை சம்பளம் உண்டு என்று ஊழியர்கள் அனைவருக்கும் மின்னஞ்சல் போனது. பிப்ரவரி 22, சனிக்கிழமை, கடந்த வாரம் செய்த ஐந்து வேலைகளை எழுதி அனுப்பச் சொல்லி இன்னொன்று. பதில் அனுப்பாவிட்டால் அதையே ராஜினாமாவாக எடுத்துக்கொள்வோம் என்று, அரசுச் செலவுக் குறைப்பை முன்னின்று நடத்திய எலான் மஸ்க் எழுதினார். பதில் அனுப்ப வேண்டாம் என்று புதிய அதிபரே நியமித்த சில தலைவர்கள் தங்கள் துறையினருக்குச் சொல்லவேண்டிவந்தது. எது தடை என்று கோர் கேட்டார். நீ எதற்கு இருக்கிறாய் என்று இவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு யாரும் தன் அலுவலகத்தின் குறையை எழுதி அனுப்பமாட்டார்கள்.

அறியாமல் வெட்டியதற்கான விலையும் உடனே தெரிந்தது. அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் அமைப்பில் தகுதிகாண் பருவத்தில் இருந்தவர்களை நீக்கிவிட்டு, சில நாட்களிலேயே பெரும்பாலோரைத் திரும்ப அழைத்தார்கள். பறவைக் காய்ச்சல் தடுப்பில் இருந்த வேளாண் துறையினரின் கதையும் அதுவே. நீக்குவதற்கு முன் அந்தப் பிரிவில் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும்.

அந்த ஆண்டின் ஊழியர் கருத்தாய்வு நடக்காது என்று ஆகஸ்டில் பணியாளர் மேலாண்மை அலுவலகம் அறிவித்தது. இத்தனைக்கும், ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் ஊழியர் கருத்தாய்வு நடத்தவேண்டும் என்பது 2003இலிருந்து சட்டம். இன்னொரு பக்கம், கொள்கையோடு தொடர்புடைய சுமார் 50,000 பணியிடங்களில் இருப்பவர்களை எளிதாக நீக்கும் விதிக்கான வரைவும் அதே ஆண்டில் வந்தது. இந்தப் பணிப்பாதுகாப்பு வந்த கதையை மறக்கக்கூடாது. 1881இல் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் ஒருவன் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டான். அதற்குப் பிறகே 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்து, கட்சி விசுவாசத்துக்கு வேலை என்ற வழக்கத்தை ஒடுக்கத் தொடங்கியது. உள்ளதை உள்ளபடி சொல்லும் அதிகாரிக்கு அந்தச் சட்டத்தின் வழிவந்த பணிப்பாதுகாப்புதான் அரண்.

என்னைக் கேட்டால், ஊழியர் கருத்தாய்வை வெள்ளை மாளிகையின் கையிலிருந்து எடுத்து, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் தணிக்கை அமைப்பிடம் கொடுக்க வேண்டும். இடைநிலை அதிகாரிகளையும் ஒப்பந்த ஊழியர்களையும் அதில் தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு துறைத் தலைவரும் முந்தைய ஆண்டின் பதில்களில் எவற்றை ஏற்றார், எவற்றை ஏன் விட்டார் என்று நாடாளுமன்றக் குழு முன் வந்து சொல்ல வேண்டும். எந்தக் கட்சியின் அதிபர் வந்தாலும்.