ரஸ்கின் பார்க்காத தஞ்சாவூர்

ஜான் ரஸ்கினை (1819–1900) நம்மவர்கள் அறிந்தது காந்தி வழியாக. 1904-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் காந்தி விடிய விடியப் படித்து, பிற்பாடு ‘சர்வோதயம்’ என்று குஜராத்தியில் தந்த நூல் அவருடையது. இங்கிலாந்திலோ அவர் முதலில் ஓவிய விமர்சகர், டர்னருக்காக வாதாடியவர், பாறையையும் மயிலிறகையும் நீர்வண்ணத்தில் தாமே நுணுக்கி நுணுக்கி வரைந்தவர். இயற்கையைக் கண்ணால் பார்த்து உள்ளபடி வரைய வேண்டும் என்பது அவர் வைத்த உரைகல். 1857 கிளர்ச்சியின் சூடு ஆறாத 1858 ஜனவரியில், லண்டன் தென் கென்சிங்டனில் பேசியபோது இந்தியக் கலையையும் அதில் உரசினார். வண்ணம் அபாரம், ஆனால் இயற்கையில் உள்ள எதையும் அது உள்ளபடி வரைவதில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை.

மறுப்பு அதற்கு முன்பே தஞ்சையில் தயாராக இருந்தது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளோடு அவர்களுடைய கண்களையும் ஓவியர்களைக் கொண்டு வரையவைத்தார். அந்தத் தாள்கள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. மை தீட்டிய தெய்வக் கண் அல்ல. நோய் பிடித்த கண், இருந்தது இருந்தபடி. தஞ்சையில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு மன்னர் கொடுத்த பறவை, விலங்குப் படத் தொகுதி இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ரஸ்கின் நடந்தே போய்ப் பார்த்திருக்கக்கூடிய ஊர்!

வெள்ளைக்காரர்களுக்காக ஐரோப்பியத் தாளில் தொழிலாளித் தம்பதிகளை ஜோடி ஜோடியாக வரைந்த கம்பெனிப் பாணியும் இங்கே தழைத்ததுதான். உடையிலும் கருவியிலும் கவனம் அதிகம், முகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. வாங்கியவருக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் ரஸ்கினின் கல் ஒன்றே கல்லா? கொழும்பில் 1877-ல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, தமிழ்த் தந்தையின் மகன், ரஸ்கின், அவரைப் பின்பற்றிய வில்லியம் மாரிஸ் ஆகியோர் வழியில் வளர்ந்தவர். 1908-ல் வந்த தம் சிங்களக் கலை நூலை மாரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சிட்டவர். இந்தியக் கலைஞன் பார்த்ததைப் பிரதி எடுப்பதில்லை, தியானித்ததை வரைகிறான் என்று அவர் கல்லையே மாற்றினார்.

அந்தக் கல்லுக்குத் தகுந்த இடம் தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருண்ட நடை. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் கண்டறிந்தவர் எஸ்.கே. கோவிந்தசாமி. வெள்ளை யானையில் சுந்தரர் கயிலை போகிறார். சேரமான் குதிரையில் கூடவே போகிறார். முப்புரம் எரிக்கும் சிவனின் சினமெல்லாம் கண்ணின் கோட்டிலேயே தெரிகிறது. ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் முடிக்க வேண்டிய வேலை. தடுமாறிய கைக்கு அங்கே இடமில்லை.

திருவாரூர் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தன் கதையை எழுதிய ஓவியர் சிங்காதனம், படங்களோடு தம் பெயரையும் தமிழில் எழுதிவைத்தார். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பவருக்குக் கோட்டழகைவிடக் கூட்டமும் ஊர்வலமும்தான் பிடித்துப்போகும்.

மராத்தியர் காலத்தில் செழித்த பலகைப்படம் வேறு சங்கதி. பலாப் பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, நகையும் மண்டபமும் புடைக்கவைத்து, கல் பதித்துத் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். இப்போது பலகைக்குப் பதில் பிளைவுட். புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கடைக்கு வருகிறவர் ரேக்கு அசலா என்று விசாரிக்கிறார், விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் ரேக்கு ஒட்டாத இடங்கள் இரண்டு: தவழும் கிருஷ்ணனின் முகமும் வெண்ணெய் பிடித்த விரல்களும். நல்ல கை எது, அவசரக் கை எது என்பது அங்கேதான் அகப்படும்.