கடைசி பெஞ்சு வரை போகும் குரல்

கல்லூரிப் பேச்சுப் பயிற்சி வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, பேசத் தொடங்கும் முன் வரும் அந்தச் சின்ன இடைவெளிதான். பருவத்தின் முதல் வாரங்களில் அது இருப்பதே இல்லை. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து வரும் பெண், மேடையில் சரியாக நிற்பதற்குள் "அனைவருக்கும் வணக்கம்" சொல்லி முடித்துவிடுவாள். கையில் நாலாக மடித்த தாள் படபடக்கும். அந்தச் சரசரப்பையும் மைக் பிடித்து அறை முழுக்க ஒலிபரப்பும். மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுவதால் வாக்கியத்தின் கடைசிச் சொல் தேய்ந்துபோகும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தானே வருகிறது! அதை விழுங்கிவிட்டால் கேட்பவருக்கு என்ன மிஞ்சும்?

நல்ல ஆசிரியர் இதற்கெல்லாம் அதட்டுவதில்லை. "மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லும்மா. வயிறு நிறைய மூச்சு எடு. கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொல்லு" என்பார். வாராவாரம் இதேதான். எப்போது என்று சொல்ல முடியாது, தாள் போய் உள்ளங்கையளவு அட்டை வந்திருக்கும், நாலைந்து சொற்களோடு. அவளே மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொள்கிறாள். வகுப்பை ஒருமுறை பார்க்கிறாள். நிதானமாக மூச்சை இழுக்கிறாள். விரல்கள் இன்னும் லேசாக நடுங்கத்தான் செய்கின்றன. ஆனால் குரல் அடிவயிற்றிலிருந்து திரண்டு வருகிறது. 'வேண்டும்', 'முடியும்' என்ற முடிவுகள் முழுசாகப் போய்ச் சேர்கின்றன. நடுவில் ஒரு சொல் மறந்தாலும் பதறாமல் நின்று, தேடியெடுத்துத் தொடர்கிறாள். பின்வரிசைப் பையன்கள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்கிறார்கள். கைதட்டலும் அங்கிருந்துதான் முதலில் வருகிறது.