செல்பேசிச் செயலி கற்போருக்கு முன்னமைத்த மெய்நிகர் கணினிகள்: ஒரு மதிப்பீடு

மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி. அதில் லினக்ஸ், ஜாவா, ஆண்ட்ராய்டு எஸ்டிகே, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என எல்லாவற்றையும் ஒருவர் முன்கூட்டியே நிறுவி ஒரே கோப்பாகத் தந்தால், அது முன்னமைத்த மெய்நிகர் கணினி. மாணவர் அக்கோப்பை வர்ச்சுவல்பாக்ஸில் திறந்தால் போதும், அன்றே நிரல் எழுதலாம் என்கிறார்கள். செயலி உருவாக்கம் பழகத் தொடங்குவோருக்கு இம்முறை அடிக்கடி பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் எளிய மடிக்கணினி வைத்திருப்பவருக்கு இது பெரும்பாலும் பயன்படாது.

இம்முறைக்கு நல்ல முன்னோடி உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 பாடத்தில் சில ஆண்டுகள் இப்படியொரு மெய்நிகர் கணினியைத்தான் மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே சூழல் கிடைத்ததால், ஒருவருக்கு வந்த பிழையை மற்றவர் தீர்க்க முடிந்தது. 2015இல் அதைக் கைவிட்டு, உலாவியிலேயே இயங்கும் சூழலுக்கு மாறினார்கள். இத்தனைக்கும் அங்கே மாணவர்கள் பெரும்பாலும் எழுதியது சி மொழி நிரல்கள். அவற்றுக்குச் சிறிய நினைவகமே போதும்.

செல்பேசிச் செயலியின் கதை வேறு. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு மட்டும் 8 ஜிபி, எமுலேட்டரும் சேர்ந்தால் 16 ஜிபி நினைவகம் வேண்டும் என்கிறது கூகுள். மெய்நிகர் கணினி தன் பங்கை மூலக் கணினியின் நினைவகத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்தவற்றின் நினைவகம் 2 ஜிபி. 4 ஜிபி இருந்தாலும் பாதியை உள்ளே கொடுத்தால் இரண்டு பக்கமும் திணறும்.

இதைவிடப் பெரிய சிக்கல் எமுலேட்டர். அதுவும் ஒரு மெய்நிகர் கணினியே. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. உள்ளே இருப்பது வேகமாக ஓட, பிராசஸரின் மெய்நிகராக்க வசதி அதுவரை எட்ட வேண்டும். வர்ச்சுவல்பாக்ஸ் இதை ஏஎம்டி பிராசஸர்களுக்கு 2018இலும் இன்டெல் பிராசஸர்களுக்கு 2019இலும்தான் கொண்டுவந்தது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அவ்வசதி பயாஸிலேயே அணைக்கப்பட்டிருக்கும். மாணவர் காண்பது கறுப்புத் திரையை மட்டுமே. காரணம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, ஏனெனில் எதையும் நிறுவியவர் அவர் இல்லை. கணினி போதாமல் வந்த தோல்வியைத் தன் அறிவின் குறையாக எண்ணி விலகிவிடுகிறார். நிறுவுவதும் பாடத்தின் ஒரு பகுதிதான்!

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் உள்ள ஜெகதாப்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். விசைப்படகுகள் பாக் நீரிணைக்குள் செல்லும் தளம் அது. 1974 ஒப்பந்தம் வகுத்த கடல் எல்லையைத் தாண்டினால் இலங்கைக் கடற்படையின் கைது. எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதி எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் நண்பன் செயலியில் உண்டு. அங்குள்ள ஒரு மாணவருக்கு அதுபோல ஒன்றைத் தானே எழுதிப் பார்க்க ஆசை வரலாம். எமுலேட்டரில் ஜிபிஎஸ் இருப்பிடத்தை நாமே தட்டிக் கொடுக்கிறோம், அது சொன்னபடி நகரும். கண்ணைக் கூசும் வெயிலில் தெரியாத திரை, ஈரக் கையால் தொடும்போது தவறும் பொத்தான், எச்சரிக்கை வருவதற்குள் தீரும் பேட்டரி ஆகியவற்றை அது காட்டாது. இவற்றையெல்லாம் சோதிக்கப் படகில் உள்ள செல்பேசியே வேண்டும்.

சட்டச் சிக்கலும் உண்டு. ஆண்ட்ராய்டு எஸ்டிகேயை மறுவிநியோகம் செய்ய அதன் உரிமம் இடம் தருவதில்லை. எனவே கோப்பைப் பென்டிரைவில் ஊர் முழுதும் பகிர்வது அந்த உரிமத்துக்குப் புறம்பானது. ஐபோன் செயலி பழக விரும்புவோருக்கு இவ்வழி அறவே இல்லை. ஆப்பிள் கணினியில் மட்டுமே மேக் இயக்குதளத்தை மெய்நிகராக ஓட்ட அதன் உரிமம் அனுமதிக்கிறது.

லினக்ஸ் கட்டளைகள் பழக மெய்நிகர் கணினி இன்றும் சிறந்த கருவி. செயலி எழுத, கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு செல்பேசியே போதும். அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் யுஎஸ்பி பிழைத்திருத்தத்தை இயக்கிக் கேபிளில் இணைத்தால் எமுலேட்டர் தேவையில்லை. அதற்கும் கனமாக இருந்தால் எம்ஐடியின் ஆப் இன்வென்டர் உண்டு. உலாவியில் கட்டங்களை அடுக்க, செயலி செல்பேசியில் உடனே ஓடும். ஜிபிஎஸ் படிக்கும் கட்டமும் அதில் இருக்கிறது.